ஏழு வீட்டு அடுப்பில் ஓடும் ஒரு வான்

2025 ஜூன் மாதம் இஸ்ரேலும் ஈரானும் 12 நாட்கள் மோதிக்கொண்டபோது வடக்கில் பல எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் மீண்டும் வரிசை நீண்டது. கையிருப்பு இருக்கிறது, தட்டுப்பாடு வராது என்று அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொன்னது. அது சொன்னது சரியாகவும் இருந்தது. ஆனாலும் சனம் போய் நின்றது. 2022ஐ மறக்காதவர்கள் நின்றார்கள். 1990களையும் மறக்காதவர்கள் அவர்களுக்கு முன்பே போய் நின்றார்கள்.

அந்த மாதம் முடிய விலைத் திருத்தம் வந்தது. 92 ஒக்டேன் பெற்றோல் 12 ரூபாவால் கூடி 305 ரூபா ஆனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடம் வந்தார். அவர் நெளுக்குளத்தில் ஒரு பழைய சுசுகி எவ்ரி வான் வைத்திருக்கிறார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வவுனியா நகரத்துக்கு ஏற்றி இறக்குவார். பிறகு ஆஸ்பத்திரி, வங்கி, கோயில் என்று ஹயர் ஓடுவார்.

"அண்ணை, வானைக் காஸுக்கு மாத்தப் போறன். ஒராள் செய்து தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ," என்றார்.

நான் கணக்குப் பார்த்தேன். ஒரு வானைப் பற்றித் தொடங்கிய கணக்கு எங்கெங்கோ போய் நின்றது. அவரைப்போல யோசிப்பவர்கள் வன்னியில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

காகிதத்தில் லாபம்

தம்பியின் வான் நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிலோமீற்றர் ஓடுகிறது. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்று வைத்தால் நாளுக்கு 5 லீற்றர் பெற்றோல். 305 ரூபாப்படி 1525 ரூபா.

லிட்ரோவின் 12.5 கிலோ சிலிண்டர் 2025இல் கொழும்பில் 3690 ரூபாவாக இருந்தது. வவுனியாவுக்கு வரும்போது ஏற்றுக்கூலி சேர்ந்து சற்று ஏறும். ஒரு சிலிண்டரில் இருக்கும் திரவ எரிவாயுவை லீற்றரில் அளந்தால் ஏறத்தாழ 23 லீற்றர் வரும். அப்படிப் பார்த்தால் லீற்றர் 160 ரூபா. ஆனால் ஒரு லீற்றர் எரிவாயுவில் இருக்கும் சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் இருப்பதைவிடக் குறைவு. அதே தூரம் ஓட நாலில் ஒரு பங்கு வரை கூடுதலாகத் தேவை. 5 லீற்றர் பெற்றோலுக்குப் பதில் 6.25 லீற்றர் எரிவாயு என்றால் நாளுக்கு 1000 ரூபா. மிச்சம் 525 ரூபா.

மாதத்தில் 25 நாட்கள் ஓடினால் மிச்சம் 13,000 ரூபாவைத் தாண்டும். மாற்றும் செலவு இரண்டு இலட்சம் என்று வைத்துக்கொண்டாலும் பதினாறு மாதத்தில் முதல் திரும்பிவிடும். ஹயர் ஓடிச் சீவிக்கும் குடும்பத்துக்கு மாதம் 13,000 ரூபா என்பது ஒரு பிள்ளையின் ரியூசன் காசு, ஒரு சீட்டுக் காசு.

வானை விற்றுவிட்டுக் குறைந்த எண்ணெயில் ஓடும் புதிய வாகனம் வாங்கு என்று சொல்வதும் எளிதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிடப்பட்டது. ஆனால் வரி வாகனத்தின் விலையைப் பல மடங்கு தூக்கிவிடுகிறது. ஆகவே இங்கே பழைய வண்டிதான் தொடர்ந்து ஓடப் போகிறது. அதை எதில் ஓட்டுவது என்ற கேள்வி நியாயமானது.

நாங்கள் முன்பே மாற்றியவர்கள்

வாகனத்தை வேறு எண்ணெய்க்கு மாற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்த பிறகு பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியல் ஒன்று வடக்குக்குத் தடை செய்யப்பட்டது. மண்ணெண்ணெயும் மட்டாகவே வந்தது. ஆனாலும் கிடைத்தவற்றில் அதுதான் கைக்கு எட்டியது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. மோட்டார் சைக்கிள்களும் ஓடின.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்துக்கொண்டு காபரேற்றருக்குள் சில துளிகளை விட்டுத்தான் இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார்கள். ஒக்டேன் குறைவு என்பதால் இயந்திரம் இடிக்கும். பிளக் கரி பிடிக்கும். வெள்ளைப் புகையோடு வீதி முழுக்க மணக்கும். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே எழும்பி நடந்த பிறகு, அந்தக் கைவேலையும் ஆட்களோடு சேர்ந்து வன்னிக்கு வந்தது.

என் மாமா ஒருவர் அந்த நாட்களில் கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்தார். எத்தனை வண்டிகளை மண்ணெண்ணெய்க்கு மாற்றினாய் என்று கேட்டால் இன்றும் கை விரித்துச் சிரிப்பார். ஆனால் அதைக் கெட்டித்தனமாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. "அது வழியில்லாமச் செய்த வேலை. ஒவ்வொரு எஞ்சினும் சாகிறதுக்கு நாள் குறிச்சுத்தான் ஓடினது," என்பார்.

அதே 1995ஐத் தெற்கிலிருந்து பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். அந்த வருடம்தான் அரசிடமிருந்த கொழும்பு எரிவாயு நிறுவனத்தின் பெரும்பங்கு ஷெல் கம்பனிக்குப் போனது. அதே வருடம் பெற்றோல் வாகனங்களை எரிவாயுவுக்கு மாற்றும் தொழிலாகத் தொடங்கியதுதான் இன்றைய லாஃப்ஸ். தெற்கின் நகரங்களில் வாகனத்துக்கான எரிவாயு நிரப்பும் நிலையங்கள் வந்தன. மாற்றுவதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் உருவானார்கள். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு பக்கம் செலவைக் குறைக்க மாற்றியது. மறுபக்கம் ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாற்றியது.

இதை ஒப்பாரிக்காகச் சொல்லவில்லை. வாகன எரிவாயுவுக்கான ஏற்பாடுகள் வளர்ந்த அந்தப் பதினைந்து வருடங்களில் வன்னி அதற்கு வெளியே இருந்தது. அந்த இடைவெளியின் விளைவு இன்றும் தொடர்கிறது. தம்பிக்கு வந்திருக்கும் யோசனையிலேயே அது தெரிகிறது.

அந்த "ஒராள்" என்ன செய்யப்போகிறார்?

"எந்த ராங்கி வைக்கிறாராம்?" என்று கேட்டேன்.

"ராங்கி இல்லையண்ணை. வீட்டுச் சிலிண்டர்தான். பின் சீற்றுக்குப் பின்னால வச்சுக் கட்டுறதாம். முடிஞ்சாக் கடையில மாத்திறது லேசு."

இங்கேதான் கணக்கை நிறுத்த வேண்டியிருந்தது.

ஒழுங்காக மாற்றிய வாகனத்தில் எரிவாயுவுக்கெனத் தடித்த உருக்கில் செய்த தாங்கி இருக்கும். அது வண்டியின் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். எண்பது வீதம் நிரம்பியதும் மேலே ஏற விடாத வால்வு அதில் உண்டு. வெயிலில் திரவம் விரிவதற்கு மிச்ச இடம் வேண்டும். குழாய் உடைந்து எரிவாயு வேகமாகப் பாய்ந்தால் தானாக மூடும் வால்வும், இயந்திரம் நின்றால் ஓட்டத்தை அடைக்கும் மின்வால்வும் உண்டு. தாங்கியிலிருந்து திரவமாக வரும் எரிவாயு, இயந்திரத்தைக் குளிராக்கும் சுடுதண்ணீரில் சூடேறி ஆவியாகி, அழுத்தம் குறைந்து உள்ளே போகும். இப்படிச் செய்தால் எரிவாயு நல்ல எரிபொருள்தான். ஒக்டேன் நூறுக்கு மேல். கரி குறைவு. புகையும் குறைவு. பழைய இயந்திரங்களில் வால்வு இருக்கைகள் கொஞ்சம் விரைவாகத் தேயும். அதைக் கவனித்தால் போதும்.

சமையல் சிலிண்டர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அது அசையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டியது. மேலே சேரும் ஆவியை மட்டும் அடுப்புக்குக் கொடுக்கும். அதைச் சரித்துப் படுக்க வைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவம் வரும். அந்தத் திரவம் ஆவியாகும்போது இருநூறு மடங்குக்கு மேல் விரியும். அடுப்புக்குச் செய்த ரெகுலேற்றரும் றப்பர் குழாயும் அதைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது. வானின் தரையில், பிள்ளைகளின் காலடியில் தேங்கும். காரிலாவது பின்பெட்டி தனியாக இருக்கும். எவ்ரி வானில் சிலிண்டருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே இருக்கப் போவது ஒரு சீற்றின் முதுகு மட்டும்தான்.

2021 நவம்பர், டிசம்பரை நினைத்துப் பாருங்கள். நாட்டின் பல இடங்களில் வீடுகளில் எரிவாயு அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்தன. எரிவாயுவில் புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாறியதுதான் காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழுவே கண்டது. அசையாமல் நிற்கும் அடுப்பிலேயே அப்படி என்றால், கிடங்கிலும் கல்லிலும் குலுங்கி ஓடும் வானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவில் இதே கதை முன்பே நடந்திருக்கிறது. அங்கே வாகனத்தில் எரிவாயு பாவிக்க 2000ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2001இல் விதிகள் வந்தன. வாகனத்துக்கென்று தனித் தாங்கி, தனி நிலையம் என்று ஏற்பாடானது. இன்று சென்னையில் ஏராளமான ஓட்டோக்கள் அப்படித்தான் ஓடுகின்றன. அதேநேரம் நிலையம் எட்டாத ஊர்களில் ஒம்னி வானுக்குள் வீட்டுச் சிலிண்டரை ஒளித்து வைத்து ஓட்டுவதும், அது தீப்பிடிப்பதும் தமிழ்நாட்டுச் செய்திகளில் புதிதல்ல. சட்டம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். நிலையம் இருந்த இடத்தில் முறையாக ஓடுகிறது, இல்லாத இடத்தில் சிலிண்டர் ஒளிக்கிறது.

ஒரு வான், ஏழு அடுப்பு

இன்னொரு கணக்கும் பார்த்தேன். 6.25 லீற்றர் எரிவாயு என்பது ஏறத்தாழ 3.4 கிலோ. அப்படியென்றால் ஒரு சிலிண்டர் நான்கு நாள்கூட முழுதாக வராது. 25 நாளுக்குக் கிட்டத்தட்ட ஏழு சிலிண்டர். எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் ஒரு மாதம் தாண்டும். அந்த வான் மாதத்துக்கு ஏழு வீட்டு அடுப்பைத் தின்னும்.

சாதாரண நாளில் இது பெரிதாகத் தெரியாது. கடையில் சிலிண்டர் அடுக்கிக் கிடக்கும். தட்டுப்பாடு வந்தால்தான் தெரியும். நெளுக்குளம் சந்தியிலிருந்து பம்பைமடுப் பக்கம் வரை நூறு வண்டிகள் இப்படி மாறினால் எழுநூறு வீட்டின் எரிவாயு வீதியில் எரியும். அப்போது சமையல் சிலிண்டருக்கு விலை ஏறாமல் வைத்திருந்தது அடுப்புக்காக. நான் மேலே போட்ட லாபக் கணக்கே அந்த விலையை நம்பித்தான் நிற்கிறது. முறையான நிலையத்தில் வாகன எரிவாயுவுக்கு வேறு விலை. ஆகவே தம்பியின் 13,000 ரூபா லாபத்தில் ஒரு பகுதி, யாரோ ஒரு அக்காவின் அடுப்பிலிருந்து எடுப்பது.

2022இல் இதைத்தான் பார்த்தோம். ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் 2675 ரூபாவிலிருந்து 4860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. காசு கட்ட டொலர் இல்லாமல் எரிவாயுக் கப்பல் கொழும்புக் கடலில் காத்துக் கிடந்தது. வெறுஞ் சிலிண்டரை வீதியோரம் வரிசையில் வைத்துவிட்டுச் சனம் வெயிலில் நின்றது. பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாவுக்கு வந்தது. பிறகு கியூஆர் அட்டையில் முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். பெற்றோல் இல்லாத நாளில் எரிவாயுவும் இருக்கவில்லை. இரண்டும் ஒரே டொலரில் வாங்கப்படுகின்றன. சப்புகஸ்கந்தவில் கிடைக்கும் சிறு பங்கைத் தவிர நாட்டின் எரிவாயு முழுக்கக் கப்பலில்தான் வருகிறது. உலக எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடக்கும் ஹோர்முஸ் நீரிணையால்தான் வளைகுடா நாடுகளின் எரிவாயுவும் வெளியே வருகிறது. ஜூன் மாதம் எங்களைப் பெற்றோல் வரிசைக்குத் துரத்திய அதே நீரிணை, நாளை எரிவாயு வரிசைக்கும் துரத்தும். ஆகவே எரிவாயுவுக்கு மாறுவது செலவைக் குறைக்கும் வழி. தட்டுப்பாட்டிலிருந்து தப்பும் வழி அது இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் மறுபடியும் ஏமாறுவோம்.

யாரிடம், எதைக் கேட்பது?

அப்படியென்றால் வன்னியில் எரிவாயு வாகனமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. துருக்கியில் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று எரிவாயுவில் ஓடுகிறது. தென்கொரியாவின் வாடகைக் கார்கள் நீண்ட காலமாக அதில்தான் ஓடின. போலந்திலும் இத்தாலியிலும் இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. அப்படிப் பல இடங்களில் அரசு முதலில் வரியைக் குறைத்தது. நிலையம் வந்தது. மாற்றும் கராஜுக்கு அனுமதிப்பத்திரமும், மாற்றிய வண்டிக்குப் பரிசோதனையும் வந்தன. சனம் பிறகு மாறியது. இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. சனத்தை முதலில் மாற விட்டுவிட்டு, வெடித்த பிறகு பொலிசு வரும்.

நெளுக்குளத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் அதற்குள்ளேதான் முட்கம்பிக்குப் பின்னால் அடைக்கப்பட்டிருந்தார்கள். மற்றவர்கள் செட்டிகுளம் மெனிக்பாமுக்குப் போனார்கள். இன்று அந்தக் கல்லூரி பிள்ளைகள் தொழில் படிக்கும் இடம். எரிவாயு வாகனம் மாற்றுவதையும் பரிசோதிப்பதையும், மின்சார முச்சக்கர வண்டி திருத்துவதையும் அங்கே ஒரு பாடமாக வைக்க முடியாதா? என் மாமாவைப் போன்றவர்களின் கையில் இருந்த அறிவுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்திருந்தால், வன்னியில் இன்று அனுமதி பெற்ற கராஜ்கள் பல இருந்திருக்கும்.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. இன்றுவரை தேர்தல் இல்லை. ஆனால் 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சி சபைகளுக்கு வாக்களித்தோம். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். மூன்று விடயங்களை அவர்களிடம் கேட்கலாம். வவுனியாவில் வாகனத்துக்கென ஒரு எரிவாயு நிலையம். மாற்றவும் வருடந்தோறும் பரிசோதிக்கவும் அனுமதி பெற்ற ஒரு கராஜ். அதுவரை பிள்ளைகளை ஏற்றும் வாகனங்களில் சமையல் சிலிண்டர் இருக்கிறதா என்ற சோதனை. தண்டம் அடிப்பதற்காக அல்லாமல் அதைக் கழற்றி இறக்குவதற்காக.

அதோடு ஒரு பழைய கோரிக்கையும் உண்டு. தம்பியின் வானில் பிள்ளைகள் போவதே பள்ளி நேரத்துக்கு நம்பி ஏற ஒரு பஸ் இல்லாததால்தான். அந்த பஸ் ஓடினால் மேலே போட்ட கணக்குகளில் பாதி தேவைப்படாது.

தம்பிக்குச் சொன்னது

மாற்ற வேண்டாம் என்று தம்பியிடம் நேரே சொன்னேன். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் பெற்றோல் என்று இருக்கிறது. அதை மாற்றாமல், காப்புறுதிக்கும் சொல்லாமல் சிலிண்டர் ஏற்றி ஓடி ஏதும் நடந்தால் காப்புறுதி கை விரிக்க இடமுண்டு. பெற்றோர் வந்து வாசலில் நிற்பார்கள். அப்போது 13,000 ரூபா கணக்கு உதவாது.

அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப நான் என்னண்டு ஓடுறது அண்ணை? பெற்றோல் விலையை நீங்களே குறைப்பியள்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மாதம் 13,000 ரூபாவை இழக்கச் சொல்வது என் வாய்க்கு எளிது. இழப்பவர் அவர்.

இரண்டு நாள் கழித்து மாமாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமா வானைத் திறந்து பார்த்தார். எயார் பில்ரர் அடைத்திருந்தது. பிளக் தேய்ந்திருந்தது. ரயரில் காற்றுக் குறைவு. ஒரு பின்சில்லில் பிறேக் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சரி செய்து முடிய மத்தியானம் ஆகிவிட்டது. எண்ணெய்ச் செலவு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று தம்பி பிறகு சொன்னார். எரிவாயு தரும் மிச்சத்துக்கு அது எட்டாது. அவர் இன்னமும் அந்த "ஒராளின்" தொலைபேசி இலக்கத்தை அழிக்கவில்லை.

அன்று புறப்படும்போது மாமா அவரிடம் சொன்னார்: "நாங்கள் மண்ணெண்ணெயில ஓடினது தடை போட்டவன் எங்களுக்கு வேற வழி விடாததால. இப்ப தடை இல்லை. வழியைக் கேட்டு வாங்கு தம்பி. சிலிண்டரைப் பிள்ளையளுக்குப் பக்கத்தில கட்டாதை."